பட்டுத் தூசியும் படுக்கைத் தூசியும்

என் பெரியப்பா தறியை விட்டு இறங்கியது 2003இல். பிள்ளையார்பாளையத்தில் தாத்தா காலத்திலிருந்து ஒரே வீட்டில் ஓடிய குழித்தறி அது. விடியற்காலை எழுந்ததும் பத்துப் பதினைந்து அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், ஐப்பசி கார்த்திகையில் இழுப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பட்டுத் தூசி ஒத்துக்கலை, தறியை விட்டாச் சரியாப்பூடும்." விட்டார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தறிக்குழியை மூடி சிமென்ட் பூசி அதன்மேல் பீரோ வைத்தார்கள். தும்மல் மட்டும் நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவில், செட்ரிசின் என்று ஓட்டினார்.

சென்ற ஆண்டு கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் முதல்முறையாக அவருக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்துவார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் எது கொசுக்கடி மாதிரி தடிக்கிறது என்று அளப்பார்கள். வரிசையில் பட்டும் இருந்தது. பட்டு வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. 'டஸ்ட் மைட்' என்ற கட்டத்தில் மட்டும் கால் ரூபாய் அளவுக்குத் தடிப்பு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா இரண்டு கேள்வி கேட்டார். "தூசியால வந்த நோவுக்குத் தூசியையே மாத்திரையா குடுக்கறானாமே, இத எவன்டா கண்டுபுடிச்சான்?" என்பது முதலாவது. வாலாஜாபாத் தாண்டியபிறகு இரண்டாவது: "அப்போ பட்டு என்னை ஒண்ணும் பண்ணலையா?"

முதல் கேள்விக்குப் பதில் தேடுவது சுலபமாக இருந்தது. இரண்டாவதற்காகத்தான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டு மூச்சைக் கெடுக்கும் என்பது வெறும் தெருப்பேச்சு இல்லை. இத்தாலி டாக்டர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். தொழில்சார் மருத்துவத்துக்கு அதைத்தான் மூலநூல் என்பார்கள். அதில் சணலும் பட்டும் சீவுகிறவர்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பட்டுக்கூட்டுக் கழிவைச் சீவி நூலாக்குகிறவர்கள் கடும் இருமலாலும் மூச்சுத்திணறலாலும் படும் பாட்டை அவர் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.வி. சுப்பா ராவும் அவருடன் இருந்தவர்களும் கர்நாடகப் பட்டு நூற்பாலைகளில் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1985இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆக, பட்டால் ஆஸ்துமா வரும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் யாருக்கு வரும் என்று பார்க்கவேண்டும். பட்டு இழையில் இரண்டு புரதம். உள்ளே ஃபைப்ராயின், அதுதான் நூல். வெளியே அதை ஒட்டிவைத்திருக்கும் பசை, செரிசின். தொல்லை தருவதில் பெரும்பங்கு இந்தப் பசைக்கும், கூட்டிலும் புழுவிலும் இருந்து வரும் துகளுக்கும்தான். கூட்டை வெந்நீரில் போட்டு இழை எடுக்கும் ராமநகரத்துப் பெண்களுக்கு அது நேராக மூக்கில் ஏறுகிறது. காஞ்சிபுரத்துக்கு வரும் பட்டோ சாயத்துக்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கப்படுகிறது. அந்தக் கொதியில் பசை கழன்றுவிடும். எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துதான் சாயத்தொட்டிக்கே போகும். பளபளப்பும் மென்மையும் வருவது அப்புறம்தான். நெசவாளி கைக்கு வரும்போது அது பெரும்பாலும் பசை நீங்கிய நூல். தறியில் தூசியே இல்லை என்று சொல்லவில்லை. பாவுக்குப் போட்ட கஞ்சி உதிரும், ஜரிகைத் துகள் இருக்கும், பஞ்சு பறக்கும். அவை மூக்கை அரிக்கும், இருமவும் வைக்கும். ஆனால் அரிப்பு வேறு, அலர்ஜி வேறு. எந்தத் தூசியும் யாருடைய மூக்கையும் அரிக்கலாம். அலர்ஜி என்பது உடம்பு ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு பகை பாராட்டுவது. (அலர்ஜி என்ற சொல்லே 1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கியது.)

இங்கே ஒரு சின்னச் சாட்சி. 2019இல் அத்திவரதர் நாற்பது வருஷம் கழித்துக் குளத்திலிருந்து வெளியே வந்தபோது, ஜூலை 1 முதல் 48 நாள் ஊரே புழுதியாகக் கிடந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தினமும் போய் வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்தக் கூட்டத்துல கூட எனக்கு ஒண்ணும் ஆவலைடா" என்று இப்போது நினைத்துப்பார்த்துச் சொல்கிறார். தெருப்புழுதி அவருக்கு எதிரி இல்லை. வீட்டுக்குள் இருக்கும் தூசிதான் எதிரி.

வீட்டுத்தூசி தனியான ஒரு சரக்கு என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டதே 1920களில்தான். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் குக் 1922இல், ஆஸ்துமாக்காரர்களுக்கு அவரவர் வீட்டுத்தூசியின் சாற்றைக் கொண்டே தோலில் சோதித்து, பலருக்குத் தடிக்கிறது என்று காட்டினார். சரி, தூசியில் என்ன? அங்கேதான் நாற்பது வருஷம் மாட்டிக்கொண்டார்கள். தூசி என்பது ஒரு பொருளா என்ன? தோல் செதில், பஞ்சு, பூனை முடி, கரப்பான் கால், பூஞ்சை எல்லாம் சேர்ந்த குப்பை அது. 1930களில் அமெரிக்காவில் இலவம்பஞ்சைச் சோதித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். புதுப் பஞ்சுக்குத் தோல் தடிப்பதில்லை, பல வருஷம் படுத்துப் பழகிய பஞ்சுக்குத் தடிக்கிறது. பஞ்சு பழசானால் அதற்குள் ஏதோ ரசாயன மாற்றம் நடக்கிறது என்று நினைத்தார்கள். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரிந்திருக்கலாம், ஆனால் யாரும் கேட்கவில்லை.

விடை கிடைத்தது நெதர்லாந்தின் லைடன் நகரத்தில். அங்கே 1920களிலேயே ஸ்டார்ம் ஃபான் லீவன் என்பவர், ஈரமான தாழ்நிலத்தில் திணறும் ஆஸ்துமாக்காரர்கள் உயர்ந்த மலைக்குப் போனால் தேறுகிறார்கள் என்று கவனித்திருந்தார். அதே ஊரில் ரெய்ண்டர்ட் ஃபோர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மா தம்பதியும் ஈர வீடுகளின் தூசியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, 1964இல் கண்டதைச் சொன்னார்கள்: தூசியில் உயிர் இருக்கிறது. எட்டுக்கால் உண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. டெர்மட்டோஃபகாய்டஸ் டெரோனிசினஸ் என்று பெயர். அதை உலகம் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1897லேயே ட்ரூவெஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர் பெயர்வைத்துப் பதிவு செய்திருந்தார். அறுபத்தேழு வருஷம் அது விலங்கியல் புத்தகத்தில் ஒரு பக்கம் தூங்கியது, நம் தலையணையில் இன்னொரு பக்கம்.

ஒரு இடைச்செருகல், பிடித்திருப்பதால் சொல்கிறேன். லைடனுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் டெல்ஃப்ட். அங்கே 17ஆம் நூற்றாண்டில் லீவன்ஹூக் என்ற ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். அந்தக்காலத் துணி வியாபாரிகள் இழையின் தரம் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அவர் அதைவிடப் பலமடங்கு வலுவான கண்ணாடிகளைத் தானே தேய்த்துச் செய்து நுண்ணுயிர்களைப் பார்த்தார். உண்ணிகளையும் பார்த்து எழுதினார். நம் ஊரில் மாஸ்டர் வீவர் சேலையை மடித்து இழை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இந்த உண்ணி கடிக்காது, ரத்தம் குடிக்காது. மனிதத் தோல் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை, காற்றின் ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொள்ளும். அதனால் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே நீண்டநாள் நின்றால் காய்ந்து செத்துவிடும், எழுபது எண்பதில் பெருகும். உயர்ந்த மலையில் ஆஸ்துமாக்காரர் தேறியதன் ரகசியம் இதுதான், அங்கே காற்று வறண்டது. 1981இல் டோவீ, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். அலர்ஜி உண்டாக்கும் புரதத்தின் பெரும்பகுதி உண்ணியின் புழுக்கையில் இருக்கிறது என்று காட்டினார்கள். படுக்கையை உதறும்போது கிளம்பி, கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும் துகள். அதனால்தான் தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறவனுக்கு விடியற்காலையில் தும்மல். பழைய இலவம்பஞ்சின் 'ரசாயன மாற்றம்' என்ன என்பதையும் இனி சொல்லவேண்டியதில்லை.

இப்போது குழித்தறிக்கு வருகிறேன். தறியைக் குழியில் வைப்பதன் லாபம், கால் மிதிக்க வசதி என்பது மட்டுமில்லை. தரையோடு ஒட்டிய ஈரக்காற்றில் இழை அறுவது குறையும். வெயில் நேராக விழாத, ஜன்னல் சின்னதான உள்ளறை. நெசவுக்கு நல்லது எதுவோ அதுவே உண்ணிக்கும் நல்லது. எங்கள் வீட்டில் அந்த அறையின் மறுபாதிதான் படுக்கை. சுவரோரம் சுருட்டிவைத்த மெத்தை, அதன்மேல் பழைய சேலையில் தைத்த உறைபோட்ட தலையணைகள். பெரியப்பாவுக்கு எதிரி தறியில் உட்கார்ந்திருந்ததா, தறிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்ததா? தறியை எடுத்தோம், மெத்தையை வைத்துக்கொண்டோம். அந்த மெத்தையில்தான் அவர் மேலும் இருபது வருஷம் படுத்தார். ஒரு மனிதரின் ஒரு டெஸ்டை வைத்துக் காஞ்சிபுரத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'பட்டுத் தூசி' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித் தறியை விட்டவர் இவர் ஒருத்தர் மட்டும் இருக்கமாட்டார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நோவு தந்ததையே மருந்தாகக் கொடுக்க எவன் நினைத்தான்?

ஊசி வழியில் பெயர் பெற்றவர் லியோனார்ட் நூன். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், புல் மகரந்தத்தால் தும்முகிறவர்களுக்கு அதே மகரந்தச் சாற்றை மிகமிகச் சின்ன அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி ஊசி போட்டார். 1911இல் லான்செட் இதழில் வெளியிட்டார். 1913இல் காசநோயில் இறந்தும்போனார். நண்பர் ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார். நூனுக்கு முன்பே, 1900இல் நியூயார்க்கில் ஹோல்புரூக் கர்ட்டிஸ் பூச்சாற்றை வாய்வழியாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஆக வாய்வழி ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. ஊசி ஜெயித்தது, வாய் நூறு வருஷம் ஒதுங்கி நின்றது.

வீட்டுத்தூசிக்கும் ஊசி போட்டார்கள். அதைத் தயாரித்த விதம் கேட்டால் சிரிப்பு வரும். வேக்குவம் கிளீனர் பையைக் கொட்டி, ஊறவைத்து, வடிகட்டி அடைப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. லைடன்காரர்கள் சொன்னபிறகுதான் உண்ணியைத் தனியாக வளர்த்து, சாறெடுத்து, அளந்து கொடுக்க முடிந்தது.

ஊசிக்கு ஒரு ஆபத்து எப்போதும் உண்டு. எதிரியையே உடம்புக்குள் ஏற்றுகிறோம், அளவு தப்பினால் ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சுக்குழாய் அடைத்து உயிரே போகலாம். பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் கணக்கெடுத்தது. 1957 முதல் இந்த ஊசிகளால் 26 சாவு. இனி உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில்தான் போடவேண்டும், போட்டபின் இரண்டு மணிநேரம் உட்காரவைத்துக் கவனிக்கவேண்டும் என்றது. அந்நாட்டில் அந்தச் சிகிச்சை ஏறக்குறைய அடங்கிப்போனது. அதே 1986இல், அதே நாட்டில், கிளெனிஸ் ஸ்கேடிங்கும் ஜொனாதன் பிராஸ்டாஃபும் வீட்டுத்தூசி உண்ணியின் சாற்றை நாக்குக்கு அடியில் சொட்டாக விட்டு, போலிமருந்தோடு ஒப்பிட்டு, பலன் இருக்கிறது என்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை 1998இல் நாக்கடி வழியை ஊசிக்கு மாற்றாக ஏற்றது. பிறகு வந்தது மாத்திரை. உண்ணிக்கான மாத்திரைக்கு 2015இல் ஜப்பானும் ஐரோப்பாவும் அனுமதி தந்தன, 2017இல் அமெரிக்கா. டென்மார்க்கின் ஏஎல்கே கம்பெனி செய்யும் மாத்திரையை 2025இல் டாக்டர் ரெட்டீஸ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, சென்சிம்யூன் என்ற பெயரில். சொட்டு மருந்து அதற்கு முன்பே இங்கே அலர்ஜி டாக்டர்களிடம் இருந்தது.

நாக்குக்கு அடியில் மாத்திரை என்றதும் நம் வீடுகளில் சார்பிட்ரேட்தான் ஞாபகம் வரும். பெரியப்பாவும் அதைத்தான் நினைத்துப் பயந்தார், "எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?" இரண்டும் ஒரே இடத்தில் வைப்பதுதான், வேலை வேறு. சார்பிட்ரேட் அங்கிருந்து நேராக ரத்தத்துக்குப் போகவேண்டும், நிமிஷத்தில். இது ரத்தத்துக்குப் போவதற்காக வைப்பதில்லை. நாக்கடிச் சவ்வில் காவல் செல்கள் இருக்கின்றன. நாம் தினமும் விழுங்கும் சோறு, குழம்பு எல்லாவற்றையும் சண்டையில்லாமல் உள்ளே விடப் பழகியவை அவை. தும்மலைக் கிளப்பும் செல்கள் அங்கே குறைவு. காவல் செல்கள் உண்ணிப் புரதத்தை எடுத்துக்கொண்டு தாடைக்குக் கீழே உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய், 'இதுவும் சோறு மாதிரிதான், விட்டுவிடு' என்று சொல்லிக்கொடுக்கின்றன. ஒருநாளில் கேட்கிற பாடம் இல்லை. தினம் ஒன்று, சுமார் மூன்று வருஷம். எண்ணிப்பார்த்தால் 1,095 மாத்திரை.

வைக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. முதல் மாத்திரையை டாக்டர் எதிரில் வைத்து அரைமணி நேரம் உட்காரவேண்டும். நாக்கடியில் வைத்ததும் கரைந்துவிடும், ஒரு நிமிஷம் எச்சில் விழுங்கக்கூடாது, ஐந்து நிமிஷம் எதுவும் சாப்பிடக்கூடாது. முதல் வாரங்களில் பலருக்கு வாயும் தொண்டையும் காதும் அரிக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு இது கூடவே கூடாது.

பலன் எவ்வளவு? வட அமெரிக்காவில் 1,482 பேரிடம் நடந்த சோதனையில், போலிமாத்திரை எடுத்தவர்களைவிடத் தொந்தரவும் மருந்துத்தேவையும் சேர்ந்த மதிப்பெண் சுமார் 17 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் 834 ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், இன்ஹேலரைக் குறைக்கும்போது நோய் மறுபடி முற்றும் அபாயம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. உபயோகம் உண்டு, அற்புதம் இல்லை. விளம்பரத்தில் கேட்பதைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

இன்னொரு சங்கதி நம் பக்கத்துக்கே உரியது. அந்த மாத்திரையில் இருப்பது இரண்டு உண்ணிகளின் சாறு, இரண்டும் டெர்மட்டோஃபகாய்டஸ் குடும்பம். வெப்பநாடுகளில் மூன்றாவது ஒருத்தன் இருக்கிறான், ப்ளோமியா ட்ராபிகாலிஸ். 1973இல்தான் பெயரே வைத்தார்கள். சிங்கப்பூர் வீட்டுத்தூசியில் அவன் ஆதிக்கம் அதிகம், கொல்கத்தாத் தூசியிலும் கண்டிருக்கிறார்கள். அவனுடைய புரதங்கள் மற்ற இரண்டோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ஒருவருக்குப் பகை அவனோடு மட்டும் என்றால் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பெரிதாகப் பயன் இருக்காது. ஆகவே 'தூசி அலர்ஜியா, இந்தா மாத்திரை' என்று கடையில் வாங்கும் சமாசாரம் இல்லை இது. எந்தத் தூசி, எந்த உண்ணி என்று முதலில் கேட்கவேண்டும். 2003இல் எங்கள் வீட்டில் கேட்காமல் விட்டது இந்தக் கேள்விதான்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நஞ்சறுப்பான் எலையை மென்னா போவாதா?" என்றார். அதை அப்படியே தள்ளவும் முடியாது. டெல்லியில் வல்லபாய் படேல் நெஞ்சகநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி.என். சிவ்புரி, 1960களின் கடைசியில் ஆஸ்துமாக்காரர்களுக்கு நாளுக்கு ஓர் இலை என ஆறுநாள் மெல்லக் கொடுத்து, போலிமருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார். சிலருக்கு வாரக்கணக்கில் நிம்மதி இருந்தது. வாய்ப்புண்ணும் வாந்தியும் இருந்தன. ஆனால் அது இழுப்பை அடக்குகிற வழி. உண்ணியோடு சமாதானம் பேசுகிற வழி இல்லை.

பெரியப்பாவுக்கு இப்போது வயது அறுபது. ஊதிப்பார்க்கும் டெஸ்டில் நுரையீரல் பலம் குறைவாக வந்ததால் மாத்திரையை உடனே ஆரம்பிக்கவில்லை. முதலில் மூன்று மாதம் இன்ஹேலர், மறுபடி ஊதிப்பார்த்து, தேறினால் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று வருஷச் செலவை யார் எப்படிப் பங்குபோடுவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப்போடப் பெரியம்மா ஒப்பவில்லை, அது அவர் அம்மா வீட்டுச் சீர். ஜிப் வைத்த, உண்ணி புகாத உறையை வாங்கி அதற்குள் போட்டிருக்கிறோம். போர்வையும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை வெந்நீரில்.

போன மாசம் பக்கத்துவீட்டில் புதுப் பாவு ஏற்றினார்கள். பிணைக்க ஆள் போதவில்லை என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். பழைய பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும் ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்கும் வேலை. சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பட்டு நூலுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு, மூன்று மணிநேரம் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் இல்லை. "கை மறக்கலைடா" என்றார். மறுநாள் விடியற்காலை, படுக்கையிலிருந்து எழுந்ததும், பதினொன்று.